அகதா பாதி படித்துக் கொடுத்த புத்தகம்

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பால்ராஜ் கிராணியின் மனைவி அகதாவுக்கு ஒரு கதைப்புத்தகம் பிடித்துவிட்டால் அது வயிற்றில் தங்காது. படித்து மூடிய கையோடு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மலாக்காப் பக்கம் நியாலாஸிலிருந்து செம்மண் பாதையில் லாரி குலுங்கிக் குலுங்கி உள்ளே போய்ச் சேரும் ரப்பர் தோட்டம் அது. அங்கே எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண்கள் என்றால் அவளும், பக்கத்து வீட்டில் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரின் மனைவி திரேசாவும்தான். அகதா அதையெல்லாம் பார்ப்பதில்லை. குழாயடியில் வாளியோடு நிற்கும் பால்வெட்டுப் பெண்களிடம் சொல்லுவாள். கீரைக்கூடை சுமந்து வரும் சீனக் கிழவியிடம் பாதி மலாய், பாதி கையசைப்பாகச் சொல்லுவாள். கிழவியும் "பாகூஸ், பாகூஸ்", நல்லது நல்லது, என்று தலையாட்டிவிட்டு, கொசுறாக ஒரு கீரைக்கட்டைத் தள்ளிவிட்டுப் போவாள்.

கதையை முழுக்கச் சொல்லிவிட மாட்டாள். எந்தக் கதை யாருக்கு ஆகும் என்பதைத்தான் சொல்லுவாள். மாமியார் வாய்க்குத் தப்ப முடியாதவளுக்கு ஒன்று, புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடப்பவளுக்கு ஒன்று, ராத்திரி தூக்கம் வராதவளுக்கு ஒன்று. "டிரெசர் காய்ச்சலுக்குக் கொயினா குடுக்குறாரு. நீ கதையக் குடுக்குற. அவரு குடுக்குறது கசக்குதுன்னாவது தெரியுது," என்பார் பால்ராஜ்.

வண்டிக்காரன் மகள் அவள். மலாக்கா டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தையலோடு சேர்த்து எழுத்தும் படித்தாள். பதினாறு வயதில் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் ஜெபப்புத்தகத்துக்கு அடியில் இரண்டு கதைப்புத்தகங்கள் இருந்தன. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். இரண்டு ஆண் பிள்ளைகளும் டவுனில் தம்பி வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். அந்தத் தம்பிதான், மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்திறங்கும் புத்தகங்களில் நல்லதாகப் பார்த்து வாங்கி, அரிசி மூட்டை வரும் லாரியில் பழைய பேப்பர் சுற்றி அனுப்பிவைப்பான்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது 'சிங்காரத்தம்மாள் அல்லது சிறைமீண்ட சீமாட்டி'. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திரேசாவிடம் அதை நீட்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, இதுல ஒரு எடம் வருது பாருங்க. புருஷன மீட்க கோர்ட்டுக் கச்சேரிக்குக் கெளம்புறா. ஊரே வாசல்ல நிக்குது. அப்பவும் உள்ள போயி, சாயங்காலத்துக்கு அரிசிய ஊறப்போட்டுட்டுத்தான் வர்றா. அந்த ஒரு வரிக்கே புத்தகத்த வாங்கலாம். வேற எவன் எழுதுவான் அத?"

திரேசா யாழ்ப்பாணத்துக்காரி. பத்து வயது இளையவள். எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு சுலபமாக மெச்சமாட்டாள். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தாள்.

"அரிசி ஊறப்போட்டது நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அதுக்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் மயங்கி விழுறாளே. எங்கட குசினியில மயங்கி விழ இடமிருக்கோ? விழுந்தா அம்மியிலதான் தலை அடிபடும்."

"உங்களுக்கு எதுதான் புடிக்கும்?"

"மயங்காதவளாப் பாத்து ஒண்டு தாங்கோ."

இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரேசாவின் நான்கு வயது மகள் எமிலி, எதற்கென்று தெரியாமலே, அவர்களைவிட உரக்கச் சிரித்தாள்.

அடுத்த மாதம் எமிலிக்குக் காய்ச்சல் கண்டது. அவளுடைய அப்பா இராஜரட்ணம்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர். கூலிகளின் எத்தனையோ பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து மீட்ட மனிதர். தன் பிள்ளைக்குக் கொயினா கொடுத்தார், ஊசி போட்டார், ஈரத்துணியால் ஒற்றினார், ஜாசின் டவுனிலிருந்து பெரிய டாக்டரை வரவழைக்க ஆளும் அனுப்பினார். டாக்டரின் கார் சேற்றில் புதைந்து, மாடு கட்டி இழுத்து, வந்து சேர்ந்தபோது எமிலியின் கண்களை மூடியாகிவிட்டது.

திரேசா அழவில்லை. சாப்பிடவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. எமிலியின் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அகதா கஞ்சி கொண்டுபோனாள். ஆடை படிந்து அப்படியே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். பதில் சொல்ல ஆளில்லாமல் முதல் பத்து மணிகளோடு நின்றது. பூசை வைக்க வந்த சாமியார் ஆண்டவருடைய சித்தத்தைப் பற்றிப் பேசினார். அவர் தலை மறைந்ததும், "அந்தாளை இனிக் கூட்டிவராதேங்கோ," என்று திரேசா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்த வாரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

இராஜரட்ணம் ஒருநாள் வேலியருகே வந்து நின்றார். அவர் கடைக்கண்ணால் பார்த்தது கொல்லைக் கிணற்றை. "அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் அவவைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார். கிணற்றைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அகதாவும் கேட்கவில்லை.

ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லாத காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. ரப்பர் விலை அடியோடு விழுந்துவிட்டது. உத்தியோகஸ்தர்களின் ஸ்டாப் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் மாதாமாதம் வேலையிலிருந்து பெயர் வெட்டினார்கள்; வெட்டப்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

அப்போது அகதாவின் கையில் இருந்தது 'பூரணத்தம்மாள் அல்லது திருவிழாவில் தொலைந்த திரவியம்'. தேர்க்கூட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையைத் தொலைத்துவிட்ட ஒரு தாய் ஊர் ஊராக நடக்கிறாள். அகதா சமையலுக்கும் துவையலுக்கும் நடுவே அவளோடு நடந்துகொண்டிருந்தாள். குழந்தையின் கொலுசு ஒரு தட்டான் கடையில் அகப்பட்ட இடத்துக்கு வந்தபோது, மறுநாள் விபூதிப் புதன் என்று நினைவு வந்தது.

தபசுகாலத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். பால்ராஜ் சுருட்டை விடுவார். அகதா கதைப்புத்தகத்தை விடுவாள். கல்யாணத்துக்கு முந்தியே தொடங்கிய நேர்ச்சை. ஒரு வருஷமும் தவறியதில்லை. பாதியில் நிற்கும் புத்தகம் வீட்டில் கிடந்தால் கை சும்மா இராது என்று அவளுக்குத் தெரியும். அதோடு, இந்தக் கதை யாருக்கு ஆகும் என்று அவளுக்குள் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோய்த் திரேசா படுத்திருந்த கட்டிலில் வைத்தாள்.

"நாளையிலேருந்து எனக்கு நோன்பு தங்கச்சி. பாதிதான் படிச்சிருக்கேன். நீங்க படிங்க. இதுலயும் ஒரு புள்ள தொலைஞ்சு போகுது. ஆனா கெடைச்சிடும். கொலுசு ஆப்பிட்டாச்சு. கொலுசு கெடச்சப்புறம் புள்ள கெடைக்காமப் போகுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மண்ணுக்குள் வைத்த பிள்ளை எங்கே கிடைப்பது? ஆனால் திரேசா சுவரிலிருந்து திரும்பினாள். கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

பால்மரங்கள் இலை உதிர்க்கும் மாதம். தோட்டம் முழுவதும் சிவப்புச் சருகு. மறுவாரம் ஒருநாள் காலையில் கொல்லைப்பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டு அகதா பதறி ஓடினாள். திரேசா தலை குளித்துவிட்டுக் கிணற்றுமேடையில் உட்கார்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். மடியில் புத்தகம்.

"வாசிச்சு முடிச்சிட்டன் அக்கா. இப்ப ரெண்டாந்தரம்."

"ரெண்டாந்தரமா! நீங்களா!"

"இதில ஒருத்தரும் அவளுக்குப் புத்தி சொல்லேல்ல. ஆண்டவன்ர சித்தம், பொறுத்துக்கொள், வேற பிள்ளை பிறக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அவள் தேடிக்கொண்டே போறாள். எழுதின மனுசனும் அவளை மறிக்கேல்ல. போக விட்டிட்டுப் பின்னால வாறார்." குரல் கரகரத்தது, ஆனால் பேசினாள். "பிறகு என்ன நடக்குதெண்டா..."

"ஐயையோ, சொல்லிடாதீங்க! உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் எப்படித் தாங்குறது?" அகதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். திரேசாவின் உதடு லேசாக விரிந்தது. அதைச் சிரிப்பு என்றே அகதா எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பால்ராஜிடம், "கொயினாவால ஆகாதது கதையால ஆச்சு, பாத்தீங்கல்ல?" என்றாள். சுருட்டு இல்லாத எரிச்சலில் அவர் தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

திரேசாவின் வீட்டில் அடுப்பு புகைந்தது. மத்தியானங்களில் லயத்திலிருந்து இருசம்மாள் வர ஆரம்பித்தாள். புல்வெட்டு வேலை செய்பவள். புருஷன் மரம் விழுந்து செத்துப்போய் ஒரு வருஷமாகிறது. இடுப்பில் எப்போதும் முனியாயி என்ற பெண்குழந்தை. எமிலி வயதுதான், உடம்பில் பாதி. அந்த மாதம் பெயர் வெட்டப்பட்டவர்களில் இருசம்மாளும் ஒருத்தி. கப்பலுக்குக் காத்திருக்கிறாள். திரேசா அவளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள் என்று அகதாவுக்கு நிம்மதியாக இருந்தது. பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து திரேசா புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் சத்தம் வரும். நடுநடுவே இருசம்மாள் "உம், உம்" கொட்டுவாள். சொற்கள் பிடிபடாது. பிடிபடக் கூடாதென்று அகதா குழம்புச் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொள்வாள்.

ஒருநாள் துணி காயப்போடும்போது அந்த வீட்டுக் கொல்லையிலிருந்து திரேசாவின் குரல் வந்தது.

"எமிலி, இஞ்ச வா பிள்ளை. பால் ஆறுது."

அகதாவின் கையிலிருந்த ஈரவேட்டி தரையில் விழுந்தது. வேலி இடுக்கில் பார்த்தாள். எமிலியின் மஞ்சள் கவுன் தெரிந்தது. அதற்குள்ளே, தோள் நழுவ, முனியாயி நின்றிருந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருசம்மாள் அகதாவின் அடுக்களை வாசலில் வந்து குந்தினாள். பிள்ளை இல்லாமல் இடுப்பு வெறுமையாக இருந்தது.

"கிராணியம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பூரணத்தம்மா கதை நெசமா நடந்ததுங்களா?"

"எதுக்குக் கேக்குற?"

"டிரெசரம்மா படிச்சுக் காட்டுனாங்க. நீங்க குடுத்த பொஸ்தகமாம். நாலு எழுத்துப் படிச்சவங்க, நீங்க பாத்துக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு... அச்சுல வேற போட்டிருக்கே. நடக்காதத அச்சுல போடுவாங்களா?"

"கதையில என்ன நடக்குது? எனக்கு மீதி தெரியாது. சொல்லு."

இருசம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். புத்தகத்துக்குச் சொந்தக்காரிக்கே தெரியாதா? பிறகு, மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள்: தொலைந்த பிள்ளை வாந்திபேதியில் போய்விட்டதென்று தெரிகிறது. பூரணத்தம்மாள் ஒரு ஓடத்துறையில் உட்கார்ந்திருக்கிறாள். அதே வயதில் பிள்ளையோடு ஒரு ஏழைப்பெண் அங்கே வருகிறாள். சோற்றுக்கு வழியில்லாதவள். இவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனம் உருகி, "அம்மா, இவள் உன் பிள்ளைதான்," என்று கையில் கொடுத்துவிட்டு ஓடம் ஏறிப் போகிறாள். பிள்ளை அழவேயில்லை. புதுத் தாயின் தோளில் தூங்கிவிடுகிறது. பின்னால் ராஜா வீட்டில் வாழ்க்கைப்படுகிறது.

"எம்புள்ளயக் கேக்குறாங்க கிராணியம்மா," என்றாள் இருசம்மாள். "குடுத்தா இதுமாதிரி நல்லா இருக்கும்ங்கிறாங்க. குடுக்கலன்னா..." கையை விரித்தாள். "ஊர்ல எனக்கு யாரு இருக்கா? வீடில்ல. மழையுமில்லையாம். எறங்கி எங்க போயி நிப்பேன்? நீங்க சொல்லுங்க. நீங்க குடுத்த கதைதானே?"

அகதா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அந்தப் புத்தகத்தக் குடுங்க தங்கச்சி."

"உங்களுக்கு நோன்பெல்லோ?" என்றாள் திரேசா. முனியாயியைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து எமிலியின் சீப்பால் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல. குடுங்க."

முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கொலுசு அகப்பட்ட இடத்திலிருந்து கடைசிவரை படித்தாள். இருசம்மாள் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. பாதி வரைக்கும் ஒரு தாயின் பின்னால் ஒழுங்காக நடந்து வந்த மனுஷன், பிள்ளையைக் கொன்றபிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அடுத்தவள் பிள்ளையை எடுத்து நீட்டிவிட்டான். அந்த ஏழைப்பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஓடம் ஏறிப் போனவள் அக்கரையில் என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை. படித்த எந்தப் புத்தகத்தின் மேலும் அகதாவுக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை.

"இது பொய்க் கதை, தங்கச்சி. முன்பாதி எழுதுனவன் கை வேற மாதிரி இருக்கு, பின்பாதி வேற. அந்த வயசுப் புள்ள அழாமப் போகுமா?"

"நீங்கதானே தந்தது?"

"தெரியாமக் குடுத்துட்டேன்."

"தெரியாமலோ? 'இதில பிள்ளை கிடைச்சிடும்' எண்டு சொல்லித் தந்தனீங்கள்." திரேசாவின் சீப்பு நிற்கவில்லை. "கிடைச்சது."

"அவ பேரு எமிலி இல்ல."

சீப்பு நின்றது. "உங்கட ரெண்டும் உயிரோட இருக்கு அக்கா. நீங்க கதையாதேங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "இவளின்ர வயித்தைப் பாத்தனீங்களோ? முழுக்கப் புழு. கப்பலில வாந்திபேதி வந்தா முதல்ல போறது இவள்தான். தப்பி ஊருக்குப் போனா அங்க பட்டினி. இஞ்ச பால் இருக்கு, மருந்து இருக்கு. ஞானஸ்நானம் குடுப்பம், பள்ளிக்கூடம் அனுப்புவம். கதை பொய்யெண்டே வைப்பம். நான் சொல்லுறதில எது பொய்?"

அகதா பிள்ளையின் உப்பிய வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப அவளையும் இங்கயே வச்சுக்கிட்டா என்ன? வீட்டு வேலைக்கு?"

"பேர் வெட்டினவையை எல்லைக்குள்ள வச்சிருக்கக் கூடாதெண்டு துரையின்ர உத்தரவு. கேட்டுப் பாருங்கோ." பிள்ளையின் தலையைத் தன் முழங்காலோடு அணைத்தாள். "ஏலுமெண்டாலும், அவளைப் பக்கத்தில வச்சுக்கொண்டு நான் எப்பிடி அம்மாவாகிறது?"

அகதா பால்ராஜைத் துரையிடம் போகச் சொன்னாள். "போயி என்னான்னு சொல்ல? நான் என்ன அவரு மச்சானா?" என்று அவர் சீறினார். ஆனாலும் போனார். போன வேகத்தில் திரும்பினார். "இருசம்மாளுக்குப் பேசப்போனா, 'கிராணி, உனக்கும் ஊர்ப்பக்கம் போக ஆசையா?'ன்னு கேக்குறான். இனிமே இந்தப் பேச்சே எடுக்காத." அதற்குமேல் அகதாவால் அவரிடம் கேட்க முடியவில்லை.

இராஜரட்ணத்தை ஆஸ்பத்திரி வாசலில் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ராத்திரி அவ நித்திரை கொள்ளுறா அக்கா. ரெண்டு மாசத்துக்குப் பிறகு," என்றார். மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கடைசியில் லயத்துக்குப் போனாள். இருசம்மாள் இரண்டு சேலையும் ஒரு சட்டியும் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் படிச்சுப் பாத்துட்டேன். அது பொய்யி இருசம்மா. எவனோ மெட்ராஸ்ல உக்காந்துகிட்டுக் கட்டி எழுதினது. எங்கயும் நடக்கல."

இருசம்மாள் முடிச்சை இறுக்கினாள். "பொய்யின்னே இருக்கட்டும் கிராணியம்மா. அவுங்க வீட்ல இருக்குற பாலு பொய்யா?"

"உன்னால இருக்க முடியுமா அவ இல்லாம?"

"நான் இருக்குறதப் பத்தி யாரு கேட்டா?" என்றாள் இருசம்மாள்.

லாரி வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆபீஸுக்கு முன்னால் மூட்டைகளோடு ஆட்கள் நின்றார்கள். தம்பின் என்ற ஊரின் ரயிலடிக்குப் போய், அங்கிருந்து ரயிலில் கப்பலடிக்கு. கூலிகளை வேலைவாங்கும் மண்டோர் சாமிக்கண்ணு பெயர் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்தான்.

இருசம்மாள் முனியாயிக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி, அந்த மஞ்சள் கவுனை மாட்டி, கையைப் பிடித்து டிரெசர் வீட்டுப் படிவரை நடத்திவந்தாள். திரேசா வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அகதா தன் வேலியருகே நின்றாள். நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

"அம்மாகிட்ட இரு. ஆத்தா கடைக்குப் போயிட்டு வாரேன்," என்றாள் இருசம்மாள். கையை உதறிக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தாள். திரும்பவில்லை. முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முனியாயி சற்று நேரம் வெறுமனே பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. "ஆத்தா" என்று ஒரு குரல் எழுந்தது. அது பிள்ளைக் குரல் போலவே இல்லை. படியிறங்க ஓடியவளைத் திரேசா வாரி எடுத்தாள். பிள்ளை வளைந்து துள்ளியது, காலால் உதைத்தது, கவுன் தோளிலிருந்து கிழிந்தது. "எமிலி, எமிலி, இல்லையடா குஞ்சு, அழாதை..." திரேசா இறுக்கினாள். பிள்ளை அவள் மணிக்கட்டில் பல்லைப் பதித்தது. திரேசா கையை எடுக்கவில்லை. ரத்தம் வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "தோளில நித்திரை கொள்ளுவாள், இப்ப நித்திரை கொள்ளுவாள்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அகதா எப்போது வேலியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சேலை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. படியேறினாள். திரேசாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"விடுங்க! தங்கச்சி, விடுங்க! விடுடீ!"

"அக்கா, வேண்டாம்... அக்கா, செத்துப்போவன்..."

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அகதா ஓடினாள். நாற்பது வயதுக்கு மேல், சேற்றில், கிழிந்த சேலையோடு, கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிராணியம்மா ஓடுவதை லயமே பார்த்தது. ஆபீஸ் ஜன்னலில் பால்ராஜின் முகம் தெரிந்து மறைந்தது. லாரி நகரத் தொடங்கியிருந்தது. சாமிக்கண்ணு, "ஓய், நிப்பாட்டு!" என்று பலகையைத் தட்டினான். அகதா பிள்ளையை மேலே தூக்கினாள்.

இருசம்மாள் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் அகதாவுக்கு விளங்கவில்லை.

"ஏன்டி கொண்டாந்தே?" என்று கத்தினாள். லயத்துப் பெண் எவளும் கிராணியம்மாவை அப்படிப் பேசியதில்லை. "எதுக்குடி கொண்டாந்தே? சாகடிக்கவா? பாலு குடிக்க விட்டுட்டு வந்தேனே, பாவி!"

கத்திக்கொண்டே குனிந்து பிள்ளையை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டாள். இனி யார் வந்தாலும் பிரிக்க முடியாத பிடி அது. கத்துவதையும் நிறுத்தவில்லை, பிடியையும் தளர்த்தவில்லை. லாரி திருப்பத்தில் மறையும்வரை அந்த வசவு கேட்டது. முனியாயியின் அழுகை மட்டும் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

அகதா திரும்பி நடந்தாள். கால் வேறு பக்கம் போக மறுத்தது. டிரெசர் வீட்டுப் படியில் திரேசா உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் கவுனின் கிழிந்த கை. அகதா இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். "தங்கச்சி," என்றாள்.

"போங்கோ."

அகதா போகவில்லை. திரேசா மறுபடி சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இராஜரட்ணம் மருந்துப்பெட்டியோடு ஓடிவந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். மண்டியிட்டு உட்கார்ந்து, பஞ்சை அயோடினில் நனைத்து, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். சின்னச் சின்னப் பற்களின் அடையாளம் வட்டமாகப் பதிந்து, இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. அவர் கண்ணீர் அதன்மேலேயே சொட்டியது.

திரேசா கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்," என்றாள். "மருந்து போட்டா ஆறிப்போயிடும்."